ஒசாகா சுரங்க ரயிலும் மோனோரயிலும்: புதிதாக வந்தவருக்கு ஒரு வழிகாட்டி

ஒசாகாவில் ரயில் ஏறக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும். நிலையத்துக்கு எண் உண்டு, தடத்துக்கு நிறம் உண்டு, அறிவிப்புப் பலகைகளில் ஆங்கிலம் உண்டு. புதியவர்கள் தடுமாறுவது வேறு இடத்தில். இந்த ஊரில் ஒரே ரயில், ஒரே இருக்கை, இறங்காமல் உட்கார்ந்திருந்தாலும் நடுவழியில் கம்பெனி மாறிவிடும், கட்டணமும் மாறிவிடும். கையில் இருக்கும் ஒருநாள் பாஸ் அங்கே செல்லாது. அதனால் இந்தக் கட்டுரையில் வழி சொல்வதோடு, எந்த இடத்தில் யாருடைய எல்லை முடிகிறது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

முதலில் வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

சுரங்க ரயிலை நடத்துவது ஒசாகா மெட்ரோ. 2018 ஏப்ரல் வரை மாநகராட்சியின் போக்குவரத்துத் துறையாக இருந்தது; இப்போது மாநகராட்சியே முழுப் பங்கும் வைத்திருக்கும் கம்பெனி. எட்டு சுரங்கத் தடங்கள், கூடவே துறைமுகப் பக்கம் ஓடும் நியூ டிராம் என்ற ஓட்டுநர் இல்லாத ரயில்.

வரைபடத்தைப் பார்த்தால் நூல்கண்டு சிக்கிக்கொண்ட மாதிரி தோன்றும். ஒரு விஷயம் தெரிந்தால் சிக்கு அவிழ்ந்துவிடும். நடு ஒசாகாவின் சாலைகள் கட்டம் போட்டது போல வடக்கு–தெற்காகவும் கிழக்கு–மேற்காகவும் ஓடுகின்றன. ரயில் தடங்கள் பெரும்பாலும் அந்தச் சாலைகளுக்கு அடியிலேயே போகின்றன, சாலையின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கின்றன. மிதோசுஜி (சிவப்பு, எம்), யொத்சுபாஷி (நீலம், ஒய்), சகாய்சுஜி (பழுப்பு, கே), தனிமாச்சி (ஊதா, டி), இமாசாதோசுஜி (ஆரஞ்சு, ஐ) ஆகியவை வடக்கு–தெற்கு. சூவோ (பச்சை, சி), சென்னிச்சிமாயே (இளஞ்சிவப்பு, எஸ்), நாகாஹோரி சுருமி-ரியோக்குச்சி (இளம்பச்சை, என்) ஆகியவை நகருக்குள் கிழக்கு–மேற்கு. ஆக, எங்கே போக வேண்டுமானாலும் பொதுவாக ஒரு முறை திரும்பினால் போதும். நெடுக்கே ஒரு ரயில், குறுக்கே ஒரு ரயில்.

எட்டையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மிதோசுஜி ஒன்றைக் கற்றுக்கொள்ளுங்கள், மற்றவை தானாக வரும். ஷின்-ஒசாகா (எம் 13), உமேதா (எம் 16), ஹொம்மாச்சி (எம் 18), ஷின்சாய்பாஷி (எம் 19), நம்பா (எம் 20), தென்னோஜி (எம் 23). ஊரின் முதுகெலும்பு இதுதான். தெற்கே போகப் போக எண் கூடும். ஏறியபின் அடுத்த நிலையத்தின் எண் குறைந்தால் எதிர்த்திசையில் போகிறீர்கள் என்று அர்த்தம். இறங்கி எதிர்ப் பிளாட்பாரத்துக்குப் போய்விடலாம். வெளியே வராதவரை கூடுதல் கட்டணம் கிடையாது.

1933 மே மாதம் உமேதாவுக்கும் ஷின்சாய்பாஷிக்கும் இடையே தொடங்கிய தடம் இது. அன்று ஓடியது ஒற்றைப் பெட்டி ரயில். ஆனால் நிலையங்களை நீளமாக, கூரையை வளைவாக உயர்த்திக் கட்டி வைத்தார்கள். இன்று அதே தடத்தில் பத்துப் பெட்டி ரயில் ஓடுகிறது. யொதோயாபாஷியிலோ ஷின்சாய்பாஷியிலோ இறங்கினால் ஒருமுறை தலையைத் தூக்கிப் பாருங்கள்.

கார்டு வாங்குவது

முதல் நாளே ஒரு ஐசி கார்டு, அதாவது பணம் ஏற்றிவைத்து கேட்டில் தட்டிப் போகும் சிப் கார்டு, வாங்கிவிடுங்கள். இந்தப் பகுதியில் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) வெஸ்ட் கம்பெனி விற்கும் கார்டுக்குப் பெயர் இகோகா. ஜேஆர் நிலைய இயந்திரத்தில் 2,000 யென் கொடுத்தால் 500 யென் முன்பணமாகப் போக, 1,500 யென் பயணத்துக்குக் கிடைக்கும். டோக்கியோவிலிருந்து வருபவர் கையில் சுயிகா, பாஸ்மோ இருந்தால் அதுவே இங்கும் வேலை செய்யும். புதிதாக வாங்க வேண்டியதில்லை. மெட்ரோ, மோனோரயில், ஜேஆர், தனியார் ரயில், நகரப் பேருந்து எல்லாவற்றிலும் இதே கார்டுதான். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் தண்ணீர் பாட்டிலும் வாங்கலாம்.

பணம் ஏற்ற மெட்ரோ நிலைய இயந்திரமே போதும், அதிகபட்சம் 20,000 யென் வரை. ரொக்கம் கையில் வைத்திருங்கள். ஐபோனில் இகோகாவையோ சுயிகாவையோ நேரடியாகச் சேர்த்துக்கொள்ளலாம். நம் ஊரில் வாங்கிய ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் முடியாது. ஜப்பான் கார்டுகளுக்கு வேண்டிய சிப் வசதி அவற்றில் இருக்காது. அதோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காமல் பிளாஸ்டிக் கார்டே வாங்கிவிடுங்கள்.

2024 அக்டோபர் கடைசியிலிருந்து மெட்ரோவில் கிரெடிட் கார்டைத் தட்டியும் உள்ளே போகலாம். எல்லா கேட்டிலும் அந்த வசதி இருக்காது, அதற்கான கருவி உள்ள கேட்டைத் தேட வேண்டும். எந்தெந்தக் கார்டு செல்லும் என்று அங்கேயே சின்னம் போட்டிருப்பார்கள். இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையும் தட்டிச் செலுத்தும் வசதியும் செயலியில் திறந்திருக்கிறதா என்று புறப்படும் முன்பே பாருங்கள். காலை எட்டு மணிக் கூட்டத்தில் கேட் சிவப்பு விளக்கு காட்டி மூடிக்கொண்டால், பின்னால் நிற்பவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள், ஆனால் நமக்கே கூச்சமாக இருக்கும்.

காகித டிக்கெட்டும் உண்டு. இயந்திரத்துக்கு மேலே உள்ள வரைபடத்தில் போகும் நிலையத்துக்கு அருகே ஒரு தொகை இருக்கும்; அந்தத் தொகைக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். தொகை புரியவில்லையா? மிகக் குறைந்த டிக்கெட்டை எடுத்து ஏறிவிடுங்கள். இறங்கும் இடத்தில் கேட்டுக்கு உள்பக்கமே மீதிக் கட்டணம் கட்டும் இயந்திரம் இருக்கும். டிக்கெட்டைப் போட்டால் இன்னும் எவ்வளவு என்று அதுவே சொல்லும். இதில் தவறோ அபராதமோ கிடையாது, ஊர்க்காரர்களே செய்வதுதான்.

கட்டணம்

மெட்ரோ கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. 3 கிலோமீட்டர் வரை 190 யென், 7 வரை 240, 13 வரை 290, 19 வரை 340, அதற்கு மேல் 390. உமேதாவிலிருந்து நம்பா 240 யென். ஷின்-ஒசாகாவிலிருந்து நம்பா 290. ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை பாதிக் கட்டணம். அதற்கும் சிறிய குழந்தைகள் பெரியவர் ஒருவருக்கு இரண்டு பேர் வரை இலவசம்.

ஒருநாள் பாஸின் பெயர் என்ஜாய் எகோ கார்டு. வார நாளில் 820 யென், சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் 620 யென். மெட்ரோவும் நகரப் பேருந்தும் அன்று முழுக்க. வாங்கும் முன் கணக்குப் போடுங்கள். வார நாளில் குறுகிய தூரம் நான்கு முறை போனால் 760 யென்தான் ஆகும்; பாஸ் நஷ்டம். விடுமுறை நாளில் 240 யென் பயணம் மூன்று போனாலே 720, பாஸ் லாபம். என்னைக் கேட்டால் விடுமுறை நாளில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், வார நாளில் யோசித்து வாங்க வேண்டும்.

கம்பெனி எல்லைகள்

மூன்று இடங்களில் மெட்ரோ ரயில் அப்படியே வேறு கம்பெனித் தடத்துக்குள் போய்விடும்.

மிதோசுஜி ரயில் வடக்கே எசாகா (எம் 11) வரைதான் மெட்ரோ. அதற்கு மேல் கிதா-ஒசாகா கியூகோ என்ற கம்பெனி. கம்பெனி மாறுவது கண்ணுக்குத் தெரியாது. 1970 உலகக் கண்காட்சிக்காகப் போட்ட இந்தத் தடம் செனிரி-சூவோவில் நின்றிருந்தது; 2024 மார்ச்சில் மினோ-கயானோ வரை நீண்டது. வண்டியும் நிலைய எண் வரிசையும் ஒன்றாகவே தொடரும், கட்டணம் மட்டும் இரண்டு கம்பெனிக்கும் சேர்த்து வரும். எகோ கார்டு வைத்திருப்பவர் செனிரி-சூவோவில் இறங்கினால் எசாகாவிலிருந்து உள்ள தூரத்துக்குத் தனியாகக் கட்ட வேண்டும்.

சகாய்சுஜி ரயில்கள் தென்ஜின்பாஷிசுஜி-6-சோமேவைத் தாண்டி ஹன்க்யூ தடத்தில் நுழைகின்றன. சூவோ ரயில்கள் கிழக்கே நாகாதாவைத் தாண்டி கின்டெட்சு தடத்தில் நாரா மாவட்டம் வரை போகின்றன. ஐசி கார்டு வைத்திருந்தால் கணக்கை அது பார்த்துக்கொள்ளும், பணம் மட்டும் இருக்க வேண்டும். பாஸோ காகித டிக்கெட்டோ வைத்திருந்தால்தான் கவனம் தேவை.

இதில் ஒரு ஆறுதல்: மெட்ரோ எல்லைக்குள் விரைவு ரயில் என்ற ஒன்றே இல்லை. எல்லா ரயிலும் எல்லா நிலையத்திலும் நிற்கும். ஜேஆரிலும் ஹன்க்யூவிலும் இருக்கும் எக்ஸ்பிரஸ் குழப்பம் இங்கே கிடையாது. பார்க்க வேண்டியது ரயில் எதுவரை போகிறது என்பதை மட்டும். மிதோசுஜியில் சில வண்டிகள் ஷின்-ஒசாகாவிலோ தென்னோஜியிலோ முடிந்துவிடும். அப்போது இறங்கி, அதே பிளாட்பாரத்தில் அடுத்ததற்கு நில்லுங்கள்.

உமேதாவும் நம்பாவும்

புதியவர்களை அலைய வைப்பது இந்த இரண்டு இடங்கள்தான், அதிலும் உமேதா.

ஜேஆர் நிலையத்துக்குப் பெயர் ஒசாகா. ஹன்க்யூ, ஹன்ஷின் நிலையங்களுக்குப் பெயர் ஒசாகா-உமேதா. மெட்ரோவில் மிதோசுஜிக்கு உமேதா, தனிமாச்சிக்கு ஹிகாஷி-உமேதா, யொத்சுபாஷிக்கு நிஷி-உமேதா. எல்லாமே ஒரே வட்டாரம், நடந்தே மாறலாம். கூகுள் வரைபடம் "ஒசாகா நிலையம்" என்று சொல்லி, நீங்கள் "உமேதா"வில் நின்றால் தவறான இடத்துக்கு வந்துவிட்டதாகப் பயப்பட வேண்டாம்.

இந்த மூன்று மெட்ரோ நிலையங்களுக்கும் நடுவே மாற, கேட்டை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போக வேண்டும். 30 நிமிடத்துக்குள் போனால் ஒரே பயணமாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஐசி கார்டு என்றால் வழக்கம்போலத் தட்டுங்கள். காகித டிக்கெட் என்றால் மாறுபவர்களுக்கான பச்சை நிற கேட்டில் மட்டும் போட வேண்டும். சாதாரண கேட்டில் போட்டால் டிக்கெட்டை விழுங்கிவிடும், திரும்பி வராது.

நிலத்தடிக் கடைவீதியில் திசை தெரியாமல் போனால் கடைப் பெயர்களை நம்பாதீர்கள், வெளியேறும் வழியின் எண்ணையும் தட நிறத்தையும் மட்டும் பாருங்கள். அதுவும் உதவாவிட்டால் படியேறி மேலே வந்து, வெளிச்சத்தில் வழி பார்த்துக்கொண்டு மறுபடி இறங்குவது வேகமான வழி.

நம்பாவிலும் இதே கதை, கொஞ்சம் சின்ன அளவில். மெட்ரோ நம்பா, நான்காய் நம்பா, கின்டெட்சு–ஹன்ஷினின் ஒசாகா-நம்பா, ஜேஆர் நம்பா. இதில் ஜேஆர் நம்பா மேற்கே தள்ளி இருக்கிறது. பெட்டி இழுத்துக்கொண்டு நடப்பவர்களுக்கு அது உறைக்கும்.

விமான நிலையத்திலிருந்து

வெளிநாட்டு விமானங்கள் இறங்குவது கன்சாய் விமான நிலையத்தில். அங்கே மெட்ரோவும் கிடையாது, மோனோரயிலும் கிடையாது. நான்காய் ரயிலில் நம்பா வரலாம். சாதாரண எக்ஸ்பிரஸ் என்றால் முக்கால் மணி நேரம் ஆகும், ஆயிரம் யென்னுக்குள் முடியும். சகாய்சுஜி பக்கம் போகிறவர் அதே ரயிலில் தெங்காசாயாவில் (கே 20) இறங்கி மாறினால் நம்பா நெரிசலே வேண்டாம். ஷின்-ஒசாகா பக்கம் என்றால் ஜேஆரின் ஹருகா என்ற விரைவு ரயில் வசதி.

உள்நாட்டு விமானம் என்றால் இதாமி விமான நிலையம். பெயர்ப்பலகையில் "ஒசாகா விமான நிலையம்" என்று இருக்கும். மோனோரயில் தொடங்குவது இங்கேதான்.

மோனோரயில்

மோனோரயில் ஊருக்குள் வராது. நகரத்தின் வடக்கையும் கிழக்கையும் வளைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையை ஒட்டி, தூண்களின் மேல் ஓடுகிறது. 1990இல் ஒரு துண்டாகத் தொடங்கி, 1997இல் விமான நிலையத்திலிருந்து கதோமா-ஷி வரை முழுமையானது. முதன்மைத் தடம் 21.2 கிலோமீட்டர், கிளைத் தடம் 6.8. சீனாவின் சோங்சிங் முந்தும் வரை உலகின் மிக நீளமான மோனோரயில் என்ற பெயர் இதற்கு இருந்தது. இப்போது கதோமா-ஷிக்குத் தெற்கே நீட்டும் வேலை நடக்கிறது.

இதன் பயன் என்ன என்று பலருக்கும் முதலில் புரியாது. நடு ஊரிலிருந்து விசிறிபோல வெளியே போகும் ரயில்களை இது குறுக்கே தைத்துக் கொடுக்கிறது. ஹொதாருகாயிகேயில் ஹன்க்யூ தகராசுகா தடம், செனிரி-சூவோவில் மிதோசுஜியோடு சேர்ந்த தடம், யமாதாவில் ஹன்க்யூ செனிரி, மினாமி-இபாராக்கியில் ஹன்க்யூ கியோத்தோ, தாய்னிச்சியில் மெட்ரோ தனிமாச்சி, கதோமா-ஷியில் கெய்ஹான். உமேதா வரை வந்து திரும்பாமலே ஒரு புறநகரிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடலாம். இது தனிக் கம்பெனி என்பதால் மெட்ரோ பாஸ் செல்லாது. கட்டணமும் மெட்ரோவை விடக் கூடுதல்.

இதாமியிலிருந்து ஊருக்குள் வரும் வழி: மோனோரயிலில் ஒரே ஒரு நிலையம் போய் ஹொதாருகாயிகேயில் இறங்கி, ஹன்க்யூவில் ஒசாகா-உமேதா. செனிரி-சூவோ வரை போய் மிதோசுஜி வண்டியில் மாறலாம்தான். நேராக ஷின்-ஒசாகாவுக்கோ ஹொம்மாச்சிக்கோ போகிறவருக்கு அது நல்லது. உமேதாவுக்கு முதல் வழியே வேகம்.

ஒசாகா பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர்கள் இந்தப் பத்தியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பல்கலையின் சுருக்கப் பெயரான ஹாந்தாய் மூன்று நிலையங்களின் பெயரில் இருக்கிறது, மூன்றும் வெவ்வேறு வளாகம். தொயோநாகா வளாகத்துக்கு மோனோரயிலில் ஷிபஹாரா-ஹாந்தாய்-மாயே. மருத்துவமனை உள்ள சுயிதா வளாகத்துக்குக் கிளைத் தடத்தில் ஹாந்தாய்-ப்யோயின்-மாயே. இதற்குப் பன்பாக்கு-கினென்-கோவெனில் மாற வேண்டியிருக்கும். மினோ வளாகத்துக்கு மோனோரயிலே வேண்டாம். மிதோசுஜி வண்டியிலேயே போய், கடைசிக்கு முந்தைய மினோ-செம்பா-ஹாந்தாய்-மாயேயில் இறங்க வேண்டும். வகுப்பறை எந்த வளாகத்தில் என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

இன்னொரு பெயர்க் குழப்பம்: மோனோரயிலின் கதோமா-ஷி வேறு, மெட்ரோ என் தடத்தின் கதோமா-மினாமி வேறு. நடந்து மாறும் தூரமில்லை.

வேலை இல்லாத நாளில் சும்மா ஒருமுறை முன் பெட்டியில் ஏறி உட்காருங்கள். பன்பாக்கு-கினென்-கோவென் நெருங்கும்போது மரங்களுக்கு மேலே 70 மீட்டர் உயரத்தில் சூரியக் கோபுரம் தெரியும். 1970 கண்காட்சிக்காக ஒகாமோத்தோ தாரோ வடித்தது. முதல் பார்வையில் பிடிக்காமல் போகலாம். எனக்கு மெல்லத்தான் பிடித்தது.

எந்த வேலைக்கு எந்த நிலையம்

விசா வேலைக்கு ஒசாகா குடிவரவு அலுவலகம்: காஸ்மோஸ்கொயர் (சி 10). இறங்கி நடக்கும் தூரம்தான். காலையில் சீக்கிரம் போங்கள். சூவோ தடத்தில் மேற்கே போகும் வண்டி. 2025 ஜனவரியிலிருந்து இது காஸ்மோஸ்கொயரைத் தாண்டி யுமேஷிமா வரை போகிறது, அதனால் கடைசி நிறுத்தம் என்று அசந்திருக்க வேண்டாம். நியூ டிராம் தொடங்குவதும் இங்கேதான்.

இந்தியத் துணைத் தூதரகத்துக்கு சகாய்சுஜி-ஹொம்மாச்சி. ஒசாகா கோட்டைக்கு தனிமாச்சி-4-சோமே அல்லது மொரினோமியா. கடல் மீன் காட்சியகத்துக்கு ஒசாகாகோ (சி 11). ஷிதென்னோஜி கோவிலுக்கு டி தடத்தில் அதே பெயரில் தொடங்கும் நிலையம், தென்னோஜியிலிருந்தும் நடக்கலாம்.

கூட்டமும் பழக்கமும்

காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை மிதோசுஜியில் பெரிய பெட்டியோடு ஏறாதீர்கள். வேறு வழியே இல்லையா? இருக்கிறது. யொத்சுபாஷி தடம் சற்று மேற்கே இணையாக ஓடுகிறது: நிஷி-உமேதா, ஹொம்மாச்சி, நம்பா, தாய்கொக்குச்சோ. கூட்டம் வெகு குறைவு. தாய்கொக்குச்சோவில் இரண்டு தடமும் ஒரே பிளாட்பாரத்தின் இரு பக்கமும் நிற்பதால், அங்கே எதிரே வரும் மிதோசுஜியில் மாறித் தெற்கே போய்விடலாம். ஷின்-ஒசாகாவிலிருந்து உமேதா மட்டும் போக வேண்டுமானால் ஜேஆர் மலிவு, வேகமும்கூட.

மிதோசுஜியில் ஆறாவது பெட்டி வார நாட்களில் நாள் முழுக்கப் பெண்களுக்கு மட்டும். பிளாட்பாரத் தரையில் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும். ஆண்கள் ஏறும் முன் தரையைப் பாருங்கள்.

எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். நடக்காமல் இரண்டு பக்கமும் நில்லுங்கள் என்று நிலையங்கள் அறிவித்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஊர் இன்னும் முழுசாகக் கேட்கவில்லை. முன்னால் நிற்பவர் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நில்லுங்கள். ரயிலுக்குள் போனில் பேச வேண்டாம், வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் இறங்கிப் பேசிக்கொள்ளலாம்.

நள்ளிரவை ஒட்டி எல்லாம் நின்றுவிடும், காலை ஐந்து மணிவாக்கில்தான் மறுபடி தொடங்கும். கடைசி ரயிலை நம்பி இருப்பவர்கள் மாறும் இடத்திலும் கடைசி ரயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் வண்டி கிடைத்து இரண்டாவது போய்விட்டால், மிச்ச தூரத்துக்கு டாக்சிதான்.

ரயில் நின்றுபோனால்

2018 ஜூன் 18 காலை வடக்கு ஒசாகாவில் நிலநடுக்கம் வந்தபோது மோனோரயில் பல நாள் ஓடவில்லை. புயல் நாட்களிலும் மேலே ஓடும் ரயில்தான் முதலில் நிற்கும், சுரங்க ரயில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதனால் மோனோரயில் ஓரம் வீடு எடுப்பவர்கள் பக்கத்தில் வேறு எந்த ரயில் இருக்கிறது என்றும் பார்த்து வைப்பது நல்லது.

தாமதமானால் கேட்டில் தாமதச் சான்றுச் சீட்டு கேட்டு வாங்கலாம், இணையதளத்திலும் எடுக்கலாம். அலுவலகமும் கல்லூரியும் அதை ஏற்றுக்கொள்ளும். தடம் முழுக்க நின்றால் வேறு கம்பெனி ரயிலில் கூடுதல் கட்டணமின்றி அனுப்புவார்கள். ஆனால் அது டிக்கெட்டோ மாதாந்திர பாஸோ வைத்திருப்பவருக்குத்தான். கார்டில் பணம் மட்டும் ஏற்றி வைத்திருப்பவருக்குப் பொதுவாகக் கிடையாது. தினமும் போகிறவர் மாதாந்திர பாஸ் எடுக்க இதுவும் ஒரு காரணம். பெரும்பாலான நிறுவனங்கள் அந்தச் செலவைத் திருப்பித் தருகின்றன, கேட்டுப் பாருங்கள்.

குடையோ பையோ வண்டியில் விட்டுவிட்டால் நிலைய ஊழியரிடம் எந்தத் தடம், எத்தனை மணி, எந்தத் திசை, எத்தனையாவது பெட்டி என்று சொல்லுங்கள். போனில் எழுதிக் காட்டினாலும் போதும். மிதோசுஜி, சகாய்சுஜி, சூவோ வண்டி என்றால் பொருள் எல்லை தாண்டிப் போயிருக்கலாம். மெட்ரோவில் இல்லை என்றால் அத்தோடு விடாமல் கிதா-ஒசாகா கியூகோ, ஹன்க்யூ, கின்டெட்சு என்று அந்தந்தக் கம்பெனியிலும் கேளுங்கள்.